மதுரையில் இரண்டு நாள்: நடை சாத்தும் நேரத்தை வைத்து ஒரு திட்டம்

மதுரைக்கு இரண்டு நாளில் போய்வர நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிக்கொண்டு கிளம்புகிறார்கள். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், அழகர்கோயில், திருப்பரங்குன்றம், தெப்பக்குளம், நடுவில் சுங்குடிச் சேலை, கடைசியில் மல்லிகைப்பூ. பட்டியலில் ஒரு குறையும் இல்லை. ஊரில் இறங்கிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. குளித்து, பலகாரம் முடித்து, பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போனால் வரிசை நீண்டிருக்கிறது. பகல் 12.30 மணிக்கு நடை சாத்திவிடுகிறார்கள். சரி, அழகர்கோயிலாவது பார்ப்போம் என்று வண்டி பிடித்தால் அங்கும் நடை சாத்தியாகிவிட்டது. மாலை நான்கு மணிக்குக் கோயில் திறக்கும்போது மகாலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மகாலோ ஐந்து மணிக்கு மூடிவிடும். கடைக்குப் போக இரவு எட்டு மணிதான் மிச்சம்.

இந்த ஊரின் நாள் இரண்டு பாதிகளாக ஓடுகிறது: நடை திறந்திருக்கும் காலையும் மாலையும் ஒரு பாதி, சாத்தியிருக்கும் நண்பகல் மறுபாதி. கோயில்களைக் காலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொண்டு, கடைகளையும் அருங்காட்சியகங்களையும் நண்பகலுக்குத் தள்ளினால் இரண்டு நாள் தாராளமாகப் போதும். கோடையில் இந்த யோசனை எடுபடாது. சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்கு மாசி வீதியில் நடக்கச் சொல்வது கொடுமை. மார்கழியிலும் தையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, விடியற்காலையில் 20 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. குளிர்காலப் பயணத்துக்குக் கிடைக்கிற பெரிய வரவு இந்த நண்பகல்தான். அதை விடுதி அறையில் படுத்துக் கழித்துவிடக் கூடாது.

எந்த வாரம் போவது?

நம் ஊர்க் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கார்த்திகைக் கடைசியும் மார்கழி முதல் பாதியும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் எட்டிப் பார்க்கும். ஐயப்ப பக்தர்கள் சபரிமலை போகும்போதும் திரும்பும்போதும் மீனாட்சி கோயிலுக்கு வருவார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் கடைசி வாரத்தில் கோயில் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஜனவரி முதல் இரண்டு வாரங்கள். பொங்கல் கொள்முதலில் கடைவீதிகளான கீழமாசி வீதியும் விளக்குத்தூணும் பிதுங்கும். பார்க்கக் களையாகத்தான் இருக்கும். குழந்தைகளோடு நடப்பதுதான் சிரமம். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என ஜல்லிக்கட்டு வரிசை கட்டி நிற்கும். ஜல்லிக்கட்டுக்கென்றே வருபவர்கள் அதற்கென்றே வர வேண்டும். அந்த மூன்று நாளும் போக்குவரத்து திருப்பிவிடப்படும், பல கடைகள் பூட்டியிருக்கும். அதோடு சேர்த்துச் சேலை வாங்கும் திட்டம் நடக்காது.

மூன்றாவது, பொங்கல் முடிந்து தைப்பூசம் வரையிலான நாட்கள். மழை ஓய்ந்திருக்கும். பள்ளிகள் திறந்திருக்கும். மகரவிளக்குக் காலம் முடிந்து சபரிமலை நடையும் சாத்தியிருக்கும். கண்மாய்களில் தண்ணீர் இருக்கும், வயல்களில் பச்சையோ அறுவடையோ கண்ணில் படும். இரண்டு நாள் பயணத்துக்கு இதுதான் பொருத்தமான காலம். தையில் முகூர்த்தங்கள் தொடங்கிவிடுவதால் விடுதி அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

தைப்பூசத்தன்றே வர நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அன்று தெப்பத் திருவிழா. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அதிகாலையிலேயே கோயிலை விட்டுப் புறப்பட்டு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவார்கள்; திரும்ப இரவாகும். அதுவரை சந்நிதி நடை சாத்தியிருக்கும். திருவிழா காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கோயில் தரிசனத்தை மட்டும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. வெள்ளி இரவு கிளம்பிச் சனி விடியலில் இறங்கி, ஞாயிறு இரவு ரயில் ஏறுவது எல்லாருக்கும் தோன்றும் திட்டம்தான். மதுரைக்கு அது வேறொரு வகையிலும் பொருந்துகிறது. மொத்த வியாபாரக் கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். ஆகவே சனி ஊருக்குள், ஞாயிறு ஊருக்கு வெளியே. வார நாட்களில் வருபவர்கள் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: காந்தி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கீழடி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

வீதிகளின் கணக்கு

பழைய மதுரையில் வழி தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை. கோயில் நடுவில் இருக்கிறது. அதன் மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே நான்கு சித்திரை வீதிகள். அதற்கு அடுத்த சுற்று ஆவணி மூல வீதிகள். அடுத்தது மாசி வீதிகள். கடைசிச் சுற்று வெளிவீதிகள். பழைய கோட்டைச் சுவர் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என நான்கு பக்கம். ‘தெற்காவணி மூல வீதி’ என்று முகவரி சொன்னால், கோயிலுக்குத் தெற்கே இரண்டாம் சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ரயில் நிலையம் மேலவெளி வீதியைப் பார்த்து நிற்கிறது; அங்கிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இந்தச் சுற்றுகளுக்குள்ளேயோ ரயில் நிலையத்தை ஒட்டியோ அறை எடுத்தால் சனிக்கிழமை முழுவதும் ஆட்டோவே தேவைப்படாது.

கடைகளும் இந்தச் சுற்றுகளை ஒட்டியே அமைந்திருக்கின்றன. நகைக்குத் தெற்காவணி மூல வீதி. ஜவுளிக்கும் சுங்குடிக்கும் தெற்குமாசி வீதி, விளக்குத்தூண், பத்துத்தூண் சந்துகள். மளிகை, தானியத்துக்குக் கீழமாசி வீதி. வளையலுக்கும் ஃபேன்சி சாமான்களுக்கும் ஏழுகடல் தெரு. அதைத் தொட்டடுத்த ராயகோபுரத்தில் பாத்திரக் கடைகள். கைவினைப் பொருளுக்கு மேலவெளி வீதியில் பூம்புகார். ஒரே தெருவில் எல்லாவற்றையும் தேடி அலையாமல், எந்தப் பொருளுக்கு எந்த வீதி என்று தெரிந்துகொண்டு போனால் பாதி நேரம் மிச்சம்.

சனிக்கிழமை: ஊருக்குள்

காலை ஆறு மணிக்கெல்லாம் கோயிலுக்குள் இருப்பது நல்லது. நடை ஐந்து மணிக்குத் திறக்கிறது. மார்கழியில் இன்னும் முன்னதாகவே திறப்பார்கள். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த தடை அது. வாசலில் வைப்பறை உண்டு. கூடுமானவரை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது எளிது; அப்போது குடும்பத்தார் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு எல்லாருக்கும் அடையாளம் தெரியும் இடம். செருப்பையும் பையையும் எந்தக் கோபுர வாசலில் விடுகிறீர்களோ அதே வாசலில் வெளியே வர வேண்டும். கிழக்கே நுழைந்து மேற்கே வெளிவந்தால் வெறுங்காலோடு இரண்டு சித்திரை வீதிகளைச் சுற்ற வேண்டியிருக்கும்.

தரிசனம் முடிந்ததும் உடனே வெளியேறிவிடாதீர்கள். அரியநாத முதலியார் 1569-இல் கட்டிய ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மூன்றையாவது நின்று பாருங்கள். பதினான்கு கோபுரங்களில் உயரமானது தெற்குக் கோபுரம், 1559-இல் எழுந்தது, ஏறத்தாழ 170 அடி. வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற தலங்களில் இடக்கால். மார்கழித் திருவாதிரையன்று இந்தச் சந்நிதிக்கு வருவது தனிச் சிறப்பு. மார்கழித் தேய்பிறை அஷ்டமியில் வந்தால் அஷ்டமி சப்பரமும் காணக் கிடைக்கும். அம்மன் சப்பரத்தைப் பெண்களே வடம்பிடித்து இழுப்பார்கள்.

எட்டரைக்குள் கோயிலை முடித்தால் பலகாரத்துக்கு நேரம் இருக்கிறது. குளிர்காலக் காலையில் மதுரைக்காரர்கள் தேடிப்போவது முள்ளுமுருங்கைக் கீரை அரைத்துச் சேர்த்த வடை. சளிக்கு நல்லது என்று பொடி தூவித் தருவார்கள். இட்லிக்கும் பொங்கலுக்கும் இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

ஒன்பதரைக்கு மகால். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கிறது. முற்றத்தைச் சுற்றிய தூண்களில் காலை வெளிச்சம் சாய்ந்து விழும் நேரம் சுதைவேலைகளைப் பார்க்க ஏற்றது. பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிடலாம்.

மகாலிலிருந்து நடையாகவே தொடங்கலாம். அடுத்த சந்துகளில் பத்துத்தூண் இருக்கிறது. நாயக்கர் அரண்மனையின் இன்னொரு பகுதியில் மிஞ்சி நிற்கும் பத்துக் கல் தூண்கள் அவை. இன்று அவற்றைச் சுற்றிச் சேலை மொத்தக் கடைகள். அரண்மனை போன இடத்தில் ஜவுளி வந்திருக்கிறது. வரலாறும் வியாபாரமும் ஒரே சந்தில் தோளுரசி நிற்பதை இங்கேதான் பார்க்க முடியும். அங்கிருந்து விளக்குத்தூண். பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம் அது. இப்போது நண்பகல் ஆகியிருக்கும், கோயில் நடை சாத்தியிருக்கும், கடைகள் திறந்திருக்கும். உங்கள் கொள்முதல் நேரம் இது.

சுங்குடியைத் தெரிந்து வாங்குதல்

மதுரையில் வாங்க வேண்டிய ஒரே ஒரு பொருளைச் சொல்லுங்கள் என்றால் சுங்குடிச் சேலையைத்தான் சொல்வேன். நாயக்கர் காலத்தில் இங்கே குடியமர்ந்த சௌராஷ்டிரர்களின் கைவேலை. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெல்லிய பருத்தி, உடுத்தினால் பாரமே தெரியாது.

கடையில் ‘சுங்குடி’ என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பாலானவை அச்சடித்தவை. மெழுகு அச்சு, கட்டை அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் என்று பலவகை உண்டு. அவையும் நல்ல சேலைகள்தான், தினசரி உடுத்தத் தோதானவை, சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடிக்கு வேலை பல மடங்கு, விலையும் ஆயிரங்களில்தான். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அசலை அடையாளம் காண்பது கடினமில்லை. துணியில் குறித்த புள்ளிகளை ஒவ்வொன்றாக நகத்தால் தூக்கி, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பிறகு சாயத்தில் முக்கினால் நூல் சுற்றிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கிறது. ஆகவே சேலையை விரித்து நான்கு சோதனை செய்யுங்கள். புள்ளிகள் எல்லாம் அளவெடுத்த வட்டமாக இருந்தால் அது அச்சு. கைமுடிச்சில் ஒவ்வொரு புள்ளியும் சற்றே கோணலாக, ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல் இருக்கும். வெள்ளைப் புள்ளியின் நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சாயம் ஏறியிருப்பதும் உண்டு; முடிச்சின் நுனி சாயத்தில் பட்ட அடையாளம் அது. புறங்கையால் தடவினால் முடிச்சு இருந்த இடம் மெல்லிய மேடாகத் தட்டுப்படும். துவைக்காத சேலையில் இது நன்றாகத் தெரியும். கடைசியாகத் துணியைத் திருப்பிப் பாருங்கள். தோய்த்த சாயம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அச்சு பின்பக்கம் வெளுத்திருக்கும்.

கடைக்காரரிடம் ‘கைமுடிச்சு சுங்குடி இருக்கிறதா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடிச்சுப் போடும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கேட்பார் இருந்தால்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார். அவர் வாங்கினால்தான் அந்தப் பெண்களுக்கு அடுத்த வாரம் வேலை. வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு மூன்று அலசலைத் தனியாக, கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் செய்து நிழலில் உலர்த்துங்கள்.

தெற்குமாசி வீதி வழியாக மேற்கே நடந்தால் மேலமாசி வீதி வந்துவிடும். அங்கே 251-ஏ எண் கட்டடத்தின் மாடியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் துறந்து அரையாடைக்கு மாறினார். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கதர்க் கடை நடக்கிறது. மாடியைப் பார்த்துவிட்டு, கீழே ஒரு துண்டோ வேட்டியோ வாங்கிக்கொண்டு வரலாம். துணி வாங்க வந்த ஊரில் துணியைப் பற்றி ஒரு மனிதர் எடுத்த முடிவின் இடம் இது. பத்து நிமிடம் ஒதுக்கத் தகும்.

நகை வாங்குபவர்கள் தெற்காவணி மூல வீதிக்குத் திரும்பலாம். ஹால்மார்க் முத்திரையோடு எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. குறியீடு நகையில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் இது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியீட்டைத் தட்டினால் நகையின் தூய்மை தெரிந்துவிடும். மார்கழியில் கல்யாண வேலை இல்லாததால் இந்தக் கடைகளில் நிதானமாகப் பார்க்க முடியும். தை பிறந்துவிட்டால் அந்த நிதானம் கிடைக்காது.

கடைக்குப் போகும் ஆர்வம் இல்லாதவர்கள் உடன் வந்திருந்தால் அவர்களைப் பின்னாலேயே இழுக்க வேண்டாம். மூன்று மணி வாக்கில் தமுக்கம் மைதானத்தை ஒட்டிய காந்தி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்த இடம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. படிப்பில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நல்ல இடம்.

வாங்கியதையெல்லாம் அறையில் போட்டுச் சற்று ஓய்ந்து, ஐந்தரைக்கு மறுபடி கிளம்பலாம். குளிர்கால மாலை விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால் சூடாகக் கிடைக்கும். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது. ஜிகர்தண்டா வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் அதுவும் அங்கேயே. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி, மேலே பாசுந்தி ஐஸ்கிரீம். தொண்டை கட்டும் என்ற பயம் இருந்தால் முதலில் ஜிகர்தண்டா, கடைசியில் பருத்திப்பால்.

பிறகு கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய இந்த மண்டபத்தில் பல காலமாகத் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. சாமிக்குத் துணி, குழந்தைக்குப் பாவாடை சட்டை, பஞ்சாங்கம், பூஜைச் சாமான் வேண்டியவர்கள் அங்கே போகலாம். வண்டிகள் நுழையாத சித்திரை வீதிகளில் ஒரு சுற்று வந்து நாளை முடிக்கலாம். காலையில் வரிசையில் நின்று அலுத்தவர்களுக்கு இரவு பள்ளியறை பூஜை நேரம் மறுபடியும் கோயிலுக்குள் போக நல்ல வாய்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை: ஊருக்கு வெளியே

இன்று ஒரு வண்டி பேசிக்கொள்ள வேண்டும். தென்மேற்கில் தொடங்கித் தென்கிழக்கு வழியாகத் திரும்பினால் வந்த பாதையிலேயே திரும்ப வேண்டியிருக்காது.

காலை ஆறரைக்குக் கீழக்குயில்குடி, சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரம், தாமரை பூத்த ஊருணி, அய்யனார் கோயில். மலைமேல் பேச்சிப்பள்ளத்தில் ஒரு பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்களும், கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களும். ஏறத்தாழ 1,100 ஆண்டு பழமையானவை. அவற்றில் ஓர் உருவத்தைச் செய்யச் சொன்னவர் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதி. மகன் துறவியான பிறகும் தாயின் பெயர் கல்லில் நின்றுவிட்டது. மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவுக் குகையில் இருக்கும் உருவத்தையும் பார்த்துவிடுங்கள். மலையேற்றம் சிறியதுதான், பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால்தான் இது முதலில்.

அடுத்து விளாச்சேரி. மண்பொம்மை செய்யும் ஊர். புரட்டாசிக்குக் கொலு பொம்மை, டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று ஆண்டு முழுதும் வேலை நடக்கிறது. நவராத்திரிக்கு நகரத்துக் கடையில் நெருக்கடியில் வாங்குவதைவிட, குளிர்காலத்தில் இங்கே செய்பவர் வாசலிலேயே பார்த்து, பேசி வாங்கலாம். வைக்கோல் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். துணிப்பையின் நடுவில் வைத்தால் ரயிலில் உடையாமல் வந்து சேரும்.

விளாச்சேரியை ஒட்டியே திருப்பரங்குன்றம். முருகனின் அறுபடை வீடுகளில் முதலாவது. மலையைக் குடைந்த கருவறை பாண்டியர் காலத்தது. பத்து மணிக்குள் சேர்ந்துவிட்டால் நடை சாத்தும் கவலை இல்லை.

நடை சாத்தும் நேரத்துக்கு நாம் கீழடியில் இருக்க வேண்டும். ரிங் ரோடு வழியாக ராமேசுவரம் சாலையைப் பிடித்து, சிலைமான் தாண்டிப் போகும் வழி. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவுதான். ஊர் சிவகங்கை மாவட்டத்தில் சேர்ந்தது. 2023 மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில். தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள், சூதுபவள மணிகள், தந்தச் சீப்பு, தாயக்கட்டை எல்லாம் உண்டு. நேற்று சேலை வாங்கியவர்கள் இங்கே தக்களிகளையும், நெசவுக்குப் பயன்பட்ட எலும்பு முனைகளையும் தேடிப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வைகைக் கரையில் நூல் நூற்றார்கள், துணி நெய்தார்கள் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி. பெரியவர்கள் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

திரும்பும் வழியிலேயே தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. ஏறத்தாழ 1,000 அடி நீளம், 950 அடி அகலம், நடுவில் மைய மண்டபம். வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து நிரப்புகிறது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் குளம் நிறைந்திருக்கும். நான்கு மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக மதுரைக்காரர்கள் வந்து கட்டைச்சுவரில் உட்காரத் தொடங்குவார்கள். நீங்களும் உட்காரலாம்.

வயதானவர்கள் உடன் வந்தாலோ, மலையேற விருப்பம் இல்லாவிட்டாலோ வடக்குத் திசையைத் தேர்ந்தெடுக்கலாம். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டரில் அழகர்கோயில், அதன் மேலே பழமுதிர்சோலை, இன்னும் மேலே நூபுர கங்கை. இங்கும் காலை ஏழரைக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும். பிரசாத தோசையை மறக்க வேண்டாம். பறவை பார்க்கும் ஆர்வமுள்ளவர்கள் விமான நிலையப் பக்கம் சாமநத்தம் கண்மாயை விசாரித்துப் போகலாம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும் இடம். இரண்டு திசையையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

கடைசியில் பூ

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. கெட்டியான இதழ், மறுநாளும் நிற்கும் வாசனை. ஆனால் குளிர்காலம் மல்லிக்குப் பகை. பனியில் மொட்டுப் பிடிப்பது குறையும், வரத்து சுருங்கும். அதே நேரத்தில் பொங்கலும் தை முகூர்த்தங்களும் வந்துவிடும். கோடையில் கிலோ சில நூறுக்கு விற்கும் பூ, பொங்கல் சமயத்தில் 3,000 ரூபாயைத் தாண்டிப் போவது வழக்கம். ஒரு முழத்துக்குச் சொல்லும் விலையைக் கேட்டுப் பூக்காரம்மாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; அதிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அவர் கொடுத்துவிட்டு வந்த விலையே அப்படி. பிச்சியும் முல்லையும் கலந்து வாங்கினால் கை கடிக்காது.

ரயில் ஏறும் மாலையில், விரியாத மொட்டாகக் கட்டிய சரத்தை வாங்குங்கள். வாழையிலையில் பொதிந்து நூல் சுற்றித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்டினால் வேர்த்துப் போய்விடும். ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் சூடான அல்வாவும் மிக்சரும் கிடைக்கும். அதையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கரும்பு, மஞ்சள் கொத்து, பானை, பொம்மை என்று கனமானதும் உடையக்கூடியதும் எல்லாமே இரண்டாம் நாள் வண்டியோடு வரட்டும். முதல் நாள் கையில் துணி மட்டும் இருந்தால் போதும்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் சனிக்கிழமைத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மாலையில் சித்திரை வீதிக்குப் பதிலாகத் தெப்பக்குளம் போய்வாருங்கள். மூன்றாம் நாள் கிடைத்தால் வடக்குத் திசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளானாலும் காலைப்பொழுது கோயிலுக்கும் மலைக்கும், நண்பகல் கடைக்கும் அருங்காட்சியகத்துக்கும் என்ற வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். இடங்களில் ஒன்றிரண்டு விடுபட்டால் அடுத்த தைக்கு வரலாம். சாத்திய கதவின் முன் நின்று கழியும் மதியங்கள்தான் இந்தப் பயணத்தில் உண்மையான நட்டம். அவை முற்றிலும் தவிர்க்கக்கூடியவை.